சனிக்கிழமை விஞ்ஞானி

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வீட்டில் இல்லாமல் போனேன்.

எங்கேயும் போகவில்லை. முன் விறாந்தையில், கதிரையில், கையில் பேப்பரோடு, முழு எண்பத்தொரு கிலோவோடும் இருந்தேன். ஆனால் இல்லை.

நடந்தது இதுதான். பக்கத்து வளவு இளையதம்பி அண்ணை எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். வாழைத்தோட்டக்காரர். நீர்வேலியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைதான். எங்கள் ஒழுங்கையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய வாழைதான். முற்றத்தில் மண் கிண்டிக்கொண்டிருந்த என் மகன் கீர்த்திகனிடம் கேட்டார்:

"தம்பி, அப்பா நிக்கிறாரோ?"

கீர்த்திகனுக்கு ஐந்து வயது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வடிவாகத்தான் பார்த்தான். பிறகு சொன்னான்:

"இல்லை. அப்பா திருகோணமலையிலை."

"அப்ப உதிலை கதிரையிலை இருக்கிறது ஆர்?"

கொஞ்சம் யோசித்தான்.

"அவர் சனிக்கிழமை வாறவர்."

இளையதம்பி அண்ணை சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காகம் பறந்து போனது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் நின்றது. என் மனைவி பிரசாந்தி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளுடைய மெசின் இடையில் நின்றால், ஒன்று நூல் அறுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும். அன்று நூல் அறவில்லை.

பிள்ளையில் பிழை இல்லை. அவன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். முப்பத்திரண்டாம் நாள் நான் திருகோணமலைக்குப் பஸ் ஏறினேன். காப்புறுதிக் கந்தோரில் இடமாற்றம். ஐந்து வருசம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் பிடித்தால், பிள்ளைகள் படுத்த பிறகுதான் வீடு வந்து சேருவேன். ஞாயிறு மத்தியானம் திரும்பி விடுவேன். ஆகவே அவனுக்கு அப்பா என்றால் திருகோணமலையில் இருந்து போனில் கதைக்கிற ஒரு குரல். சனிக்கிழமை வீட்டில் நிற்கிறவர் வேறு ஆள். பிஸ்கட் கொண்டு வருகிறவர்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம். பிஸ்கட்டும் நின்று போனது. பிள்ளை என்னை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் தடுமாறினான். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். அன்று பேப்பரை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன்.

பிறகு ஒரு தீர்மானம் எடுத்தேன். பெரிய தீர்மானம். இந்தப் பிள்ளைகளுக்குப் பசித்தால் அம்மா. விழுந்தால் அம்மா. கதை வேண்டுமென்றால் அம்மா. பேன் கடித்தால் அம்மா. எல்லா இடத்திலும் அவளே இருந்தாள். எனக்கென்று ஓர் இடம் வேண்டும். தேடிப் பார்த்தேன். விஞ்ஞானம் ஒன்றுதான் காலியாகக் கிடந்தது.

"இஞ்சேரும், நான் ஒரு முடிவெடுத்திட்டன்."

"என்ன, திருப்பியும் திருகோணமலையோ?"

"பகிடி விடாதையும். இனிச் சனிக்கிழமையளிலை பிள்ளையளுக்கு விஞ்ஞானப் பரிசோதனை செய்து காட்டப்போறன். வீட்டிலை இருக்கிற சாமானை வைச்சே."

"ஆர், நீங்களோ?"

"ஏன், நான் உயர்தரத்திலை கணிதப் பிரிவு எண்டதை மறந்திட்டீரோ? பௌதிகம், இரசாயனம் எல்லாம் படிச்சனான். நீர் கலைப்பிரிவு. உமக்கு உது விளங்காது."

"ஓம், ஓம். மூண்டு பாடத்துக்கும் எஸ் எடுத்தனீங்கள்."

"எஸ் எண்டால் சாதாரண சித்தி. எப்பிடியிருந்தாலும் சித்தி சித்திதான்."

"எனக்குச் சித்தி எண்டால் உடுவில் சித்தியைத்தான் தெரியும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "செய்யுங்கோ அப்பா. நல்ல விசயம்."

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். கலியாணம் கட்டிப் பத்து வருசத்தில், நான் சொன்ன ஒன்றை எடுத்த எடுப்பிலேயே நல்ல விசயம் என்று பிரசாந்தி சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை காலை விறாந்தையில் மேசையைப் போட்டேன். இரண்டு கண்ணாடிக் கிளாஸ். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் உப்புக் கரைசல். பக்கத்தில் ஒரு முட்டை. போனில் இதே பரிசோதனையை நாலு விதமான ஆட்கள் செய்ததை நாலு தரம் பார்த்திருந்தேன். மூத்தவள் ஆரணிக்கு எட்டு வயது. கொப்பியும் பென்சிலுமாக முன்னால் வந்து இருந்தாள். கீர்த்திகன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றான்.

"பிள்ளையள், வடிவாக் கவனியுங்கோ. வெறும் தண்ணியிலை முட்டை தாழும். உப்புத் தண்ணியிலை மிதக்கும். காரணம் அடர்த்தி."

'அடர்த்தி' என்ற சொல்லை ஒரு கனத்தோடு சொன்னேன். பிறகு முட்டையை வெறும் தண்ணீரில் விட்டேன்.

மிதந்தது.

"அப்பா, மிதக்குது," என்றாள் ஆரணி.

"பொறு பிள்ளை. அது இப்பதானே இறங்கினது. தண்ணிக்குப் பழகவேணும்."

விரலால் அமத்தினேன். உள்ளே போனது. விரலை எடுத்தேன். மேலே வந்தது. திருப்பியும் அமத்தினேன். திருப்பியும் வந்தது. முட்டை மிதந்தது. மிதப்பில் நின்ற நான்தான் தாழத் தொடங்கினேன்.

"இது நீர்வேலித் தண்ணி," என்றேன். "சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை ஊறி வாறது. இயற்கையாவே அடர்த்தி கூட."

"அப்ப எங்கடை கிணத்துக்குள்ளை விழுந்தால் நாங்களும் மிதப்பமோ?"

"ஐயோ! இல்லை! கிணத்தடிக்கு ஒருத்தரும் போகக்கூடாது!"

"அப்ப முட்டை மட்டும் ஏன் மிதக்குது?"

தையல் மெசின் நின்றது. பிரசாந்தி வாசலுக்கு வந்தாள்.

"உந்த முட்டை எங்கை எடுத்தனீங்கள்?"

"குசினியிலை. மூலைக் கூடையுக்கை."

"அது அடை வைச்சுப் பொரிக்காமல் போன முட்டையெல்லோ! எறிய வைச்சிருந்தனான். கூழாய்ப் போனால் உள்ளுக்கை இருக்கிறது வத்தி, காத்து இடம் பிடிச்சிடும். பாரம் குறைஞ்சு மிதக்கும்."

கலைப்பிரிவு. இதை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள். அவமானத்தில் முட்டையை வெடுக்கென்று எடுத்தேன். வெடுக்கென்று எடுக்கக் கூடாத சாமான் அது. கையிலேயே உடைந்தது.

அந்த மணத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இளையதம்பி அண்ணையின் குரல் வந்தது.

"தம்பி ஜெயசுதன்! உங்கை ஏதும் செத்துக் கித்துப் போச்சோ?"

"இல்லை அண்ணை, விஞ்ஞானம்!"

"ஆ, அப்ப கெதியாத் தாட்டுப்போடும்!"

கரைசல் காட்ட வந்தவனுக்குக் கரைச்சல்தான் மிஞ்சியது. ஆனால் ஒன்று நடந்தது. கீர்த்திகன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். நான் செய்த ஒன்றுக்கு அவன் சிரித்தது அதுதான் முதல் தரம். கையைச் சவர்க்காரம் போட்டு ஏழாவது தடவை கழுவிக்கொண்டிருக்கும்போது, குசினியில் அவன் தாயிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அம்மா, அவர் திருப்பியும் செய்வாரோ?"

அவர்! பரவாயில்லை என்று நினைத்தேன். 'திருப்பியும்' என்றும் கேட்டானே.

திங்கட்கிழமை நான் கந்தோரால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஆரணி ஒரு கொப்பியோடு வந்தாள்.

"அப்பா, இதிலை கொஞ்சப் பரிசோதனை எழுதி வைச்சிருக்கிறன். எல்லாம் வீட்டிலை செய்யக்கூடியது. நீங்கள் செய்து காட்டுவீங்களோ?"

வாங்கிப் பார்த்தேன். உருண்டை எழுத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கொடுத்திருப்பா என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை. பிள்ளை ஒன்று நம்பிக் கேட்கும்போது எங்கே எடுத்தாய், எப்படி எடுத்தாய் என்று கேட்கிறவன் காப்புறுதிக் கந்தோரில் இருக்கலாம். வீட்டில் இருக்கக் கூடாது.

முதலாவது: பித்தளை ஏன் கறுக்கிறது? புளி பட்டால் ஏன் மினுங்குகிறது?

"இஞ்சேரும், பரிசோதனைக்கு ஒரு பித்தளைச் செம்பு தாரும்."

"ஒண்டோ? ஒண்டிலை செய்தால் அது பரிசோதனையோ? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமோ?" பிரசாந்தி உண்மையாகவே கவலைப்பட்டாள். "ஒண்டுக்குப் புளி, ஒண்டுக்குத் தேசிக்காய், ஒண்டுக்குச் சாம்பல் எண்டு போட்டால்தானே எது கூட மினுங்குது எண்டு தெரியும்?"

"அதுவும் சரிதான்."

"செம்புக்கும் விளக்குக்கும் வித்தியாசம் இருக்கோ எண்டும் பார்க்கவேணும்."

"ஓமோம்."

"ஒருக்கால் செய்தால் தற்செயல் எண்டு சொல்லிப்போடுவினம். மூண்டு மூண்டு தரம் செய்யவேணும்."

கலைப்பிரிவுக்காரிக்கு இவ்வளவு விஞ்ஞான மனப்பான்மையா என்று நான் பூரித்துப் போனேன். அவள் பரணில் இருந்து இறக்கி வைத்தாள். குத்துவிளக்கு இரண்டு. தட்டம் நாலு. செம்பு ஐந்து. மூக்குப்பேணி மூன்று. கும்பக் குடம் ஒன்று. அவள் சீதனமாகக் கொண்டுவந்ததில் நான் இதுவரை கண்ணால் காணாதவையும் அதில் இருந்தன. எல்லாம் என்னைப் பார்த்துக் கறுத்துப்போய் நின்றன.

மேசையில் இடம் காணாது. நிலத்தில் சாக்கைப் போட்டு இருந்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு செம்பைத் தேய்த்தார்கள். மற்றதெல்லாம் நான். ஆரணி கோடு போட்டுப் பெறுபேறு எழுதினாள். கீர்த்திகன் புளியைத் தொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுருக்கினான்.

"எனக்குப் புளிக்குது. செம்புக்குப் புளிக்காதோ?"

"புளிச்சபடியாத்தானே பல்லைக் காட்டிக்கொண்டு மினுங்குது," என்றேன்.

செம்பை ஒருக்கால் பார்த்தான். என்னை ஒருக்கால் பார்த்தான். பிறகு சாக்கில் நகர்ந்து வந்து என் முழங்காலில் முட்டாமல், ஆனால் முட்டுகிற தூரத்தில் இருந்தான்.

அந்தத் தூரத்துக்காக நான் நீர்வேலியில் உள்ள பித்தளை முழுவதையும் தேய்த்திருப்பேன்.

இரண்டாவது, கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிற சுண்ணாம்பு தேசிக்காய்ப் புளியில் நுரைத்துக் கரையுமா என்பது. கரைந்தது. அதே ஆராய்ச்சி குளியலறைக் குழாய்களிலும் தொடர்ந்தது. மூன்றாவது, ஆவியாதல். விரித்த துணி கெதியாகக் காயுமா, மடித்த துணியா? வெயிலிலா, நிழலிலா? இதற்கு ஒரே மாதிரியான துணி பல வேண்டும் என்று பிரசாந்தி சொன்னாள். வீட்டில் ஒரே மாதிரியாகப் பல இருந்தது யன்னல் கேற்றின்தான். பதினாலு கேற்றின். தோய்த்து, பிழிந்து, கொடியில் போட்டு முடிய, தண்ணீரின் ஆவி போனதோ என்னவோ, என்னுடைய ஆவி போய்விட்டது.

கேற்றின் பிழியும்போது கீர்த்திகன் மற்றத் தலைப்பைப் பிடித்தான். நான் ஒரு பக்கம் முறுக்க, அவன் முறுக்குத் தாங்காமல் தானே ஒரு சுற்றுச் சுற்றினான். "இன்னொருக்கா!" என்றான். மிச்சக் கேற்றின்களை நாங்கள் இருவரும் அப்படித்தான் பிழிந்தோம்.

நாலாவது, உராய்வு. "பாரமான பொருளை இலேசாக நகர்த்துவது எப்படி?"

"உதுக்கு எந்தப் பாரமான பொருள்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் பிரசாந்தி. "எங்கடை தேக்கு அலுமாரி பாரம் எண்டு நீங்கள்தான் ஒருக்கால் சொன்னனீங்கள்."

இளையதம்பி அண்ணையிடம் வாழை மடல் கேட்டுப் போனேன்.

"என்னத்துக்குத் தம்பி? வீட்டிலை விசேசமோ?"

"இல்லை அண்ணை. உராய்வைக் குறைக்க."

"ஆர், மனுசியோடையோ?"

வழுவழுவென்று நாலு மடல் தந்தார். அலுமாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒன்று வைத்தோம். பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டு நான் தள்ளினேன். ஒரு சாண் போகும் என்று எதிர்பார்த்தேன். உராய்வு நான் நினைத்ததை விட அதிகமாகக் குறைந்துவிட்டது. அலுமாரி ஏதோ அவசர வேலை இருப்பது போல அறை முழுக்க ஓடிப்போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மற்றவர்கள் எல்லாரும் வாசலுக்கு வெளியே. நான் உள்ளே.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அலுமாரிக்கும் நிலைக்கும் இடையில் இருந்த இடுக்கால் பிரசாந்தியின் கை வந்தது. கையில் தும்புத்தடி.

"உள்ளுக்கை நிக்கிறதுதானே. அலுமாரி இருந்த இடத்தை ஒருக்காக் கூட்டிப்போட்டு இழுங்கோ."

கூட்டினேன். வருசக்கணக்கில் சேர்ந்த தூசி. காணாமல் போன என் கலியாண மோதிரத்தின் பெட்டி, மோதிரம் இல்லாமல், அதிலிருந்து வெளிப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை, அலுமாரி தள்ளியதில் பிடித்த நாரி நோவோடு, இடுப்பை நிமிர்த்த முடியாமல் கதிரையில் கிடந்தேன். பட்டியல் பக்கமே திரும்புவதில்லை என்று இருந்தேன். கீர்த்திகன் தனியாக வந்தான். இரண்டு கையும் ஊதா நிறம். முற்றத்துச் செவ்வரத்தம்பூவைக் கசக்கிக் கடதாசியில் தேய்த்திருந்தான்.

"பூ சிவப்பு. இது ஏன் ஊதாவா வந்தது?"

மூன்று எஸ்ஸையும் ஒன்றாகத் திரட்டி யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. போனும் பக்கத்தில் இல்லை. எழும்பிப் போய் எடுக்க நாரி விடவில்லை.

"எனக்குத் தெரியாது, ராசா," என்றேன்.

நான் எதிர்பார்த்தது ஏமாற்றம். அவன் முகத்தில் வந்தது வேறு. சூரியன் உதித்த மாதிரி இருந்தது.

"உங்களுக்கும் தெரியாதோ?"

"ஓம். எனக்கும் தெரியாது."

"அப்ப வாங்கோ, செய்து பாப்பம்!"

என் விரலைப் பிடித்து இழுத்தான். நாரி எங்கே போனதென்று தெரியவில்லை. எழும்பினேன். ஊதாக் கடதாசியில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டோம். ரோசாப்பூ நிறமாக மாறியது. சவர்க்காரத் தண்ணீர் விட்டோம். பச்சை! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அப்பச்சோடா? அதற்கும் பச்சை. புளி? சிவப்பு. பற்பசை? தேத்தண்ணி? மோர்? வீட்டில் ஊற்றக்கூடியது எல்லாவற்றையும் ஊற்றினோம். முற்றத்துச் செவ்வரத்தை மொட்டையானது. விறாந்தை முழுக்க ஈரக் கடதாசி. நேரம் போனது தெரியவில்லை.

"கீர்த்திகன், வா குஞ்சு, சாப்பிட," என்று குசினியிலிருந்து பிரசாந்தி கூப்பிட்டாள்.

"பொறுங்கோ அம்மா. நானும் அப்பாவும் வேலையா நிக்கிறம்."

நானும் அப்பாவும்.

நான் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினேன். என்னப்பா என்று கேட்டான். தேசிக்காய்ப் புளி கண்ணில் தெறித்துவிட்டது என்றேன். உண்மையில் தேசிக்காய் அப்போது ஆரணியின் கையில், முற்றத்தின் மற்ற மூலையில் இருந்தது. குசினியில் யாரோ மெல்லச் சட்டியை மூடி வைத்தார்கள்.

அந்தச் சந்தோசத்தில் நானே ஆரணியின் கொப்பியை எடுத்து அடுத்தது என்ன என்று பார்த்தேன். ஐந்தாவது: கோழிக்கூட்டு மணம் எதிலிருந்து வருகிறது?

எழுத்துக்கூட்டி இன்னொருக்கால் வாசித்தேன். முதன்முதலாக எனக்கு ஒரு மணம் அடித்தது. கோழிக்கூட்டு மணம் இல்லை.

"ஆரணி, உந்தப் பட்டியல் எந்த ரீச்சர் தந்தவ?"

"ரீச்சர் தரேல்லை. அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினனான்."

"நான் ரீச்சர் எண்டெல்லோ நினைச்சன்."

"ரீச்சருக்கு எங்கடை அலுமாரியைத் தெரியுமோ அப்பா?"

பரிசோதனையில் இருந்த பரி அந்தக் கணத்தில் ஓடிப்போனது. சோதனை மட்டும் நின்றது. நேரே தையல் மெசினடிக்குப் போனேன்.

"நீர் என்னை ஏமாத்திப் போட்டீர்."

"எப்ப?"

"பித்தளை, கேத்தில், கேற்றின், அலுமாரி!"

"ஏன், பித்தளை மினுங்கேல்லையோ?"

"மினுங்கினது."

"கேற்றின் காயேல்லையோ?"

"காய்ஞ்சது."

"நீங்கள் சொன்ன விளக்கம் ஏதும் பிழையோ?"

"இல்லை, சரி."

"அப்ப எந்த இடத்திலை ஏமாத்து?"

இடம் தேடினேன். அகப்படவில்லை. பிரசாந்தி கையில் இருந்த சட்டைக் கழுத்தை மடியில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. முட்டையோடை நீங்கள் மேசைக்கு அங்காலை எழும்பி நிண்டு விளங்கப்படுத்தினீங்கள். அவன் வாசலடியிலை நிண்டவன். நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன். ரீச்சரைக் கண்டால் பிள்ளை தூரத்தானே நிப்பான்? நிலத்திலை குந்தி, கை முழுக்கப் புளியோடை இருக்கிற ஆளுக்குக் கிட்டத்தான் வருவான். வீட்டிலை ஒருத்தரை நிலத்திலை குந்த வைக்கிறதெண்டால் நான் வேறை என்ன வேலை தாறது?"

நான் நகத்தில் ஒட்டியிருந்த செவ்வரத்தம்பூ ஊதாவைச் சுரண்டினேன்.

"உதெல்லாம் ஆரணியோடை நான் முந்தியே செய்தனான். நீங்கள் அங்கை நிக்கேக்கை. அவளுக்கு முழுக்கத் தெரியும். தம்பிக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்தவள்."

திரும்பிப் பார்த்தேன். ஆரணி கதவடியில் நின்றாள்.

"தெரியும்தான் அப்பா," என்றாள். "ஆனால் அம்மா செய்யேக்கை அலுமாரி ஓடேல்லை."

ஐந்து வருசம் இந்த வீட்டை ஒருத்தி தனியாக இழுத்திருக்கிறாள். காய்ச்சல், தடுப்பூசி, மழைக்கால ஒழுக்கு, கிணற்று மோட்டர், எல்லாம். நான் வந்து இறங்கியபோது ஒரு குறை சொல்லவில்லை. விஞ்ஞானம் காலியாகக் கிடந்த இடம் என்று நான் நினைத்தேன். காலியாக எங்கே கிடந்தது? அவள் இருந்த இடம்தான். சத்தம் போடாமல் எழும்பி, தூசி தட்டி, எனக்கு விட்டுத் தந்திருக்கிறாள். தட்டிய தூசியை நான் கூட்டினேன் என்பது வேறு கதை.

"மெத்தப் பெரிய உபகாரம், பிரசாந்தி," என்றேன். பகிடியாகச் சொல்ல நினைத்தேன். குரல் பகிடியாக வரவில்லை.

அவளும் ஒரு நிமிசம் குனிந்து கொண்டாள். பிறகு மெசினை மிதிக்கத் தொடங்கினாள்.

"உபகாரம் கிடக்கட்டும். பொழுதுபட முதல் கோழிக்கூட்டைப் பாருங்கோ."

பார்த்தேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று மணத்துக்குப் புள்ளி போட்டார்கள்.

இதற்குப் பிறகு நான் விழிப்பாகி விட்டேன். பட்டியலில் என்ன வந்தாலும் முதலில் அதற்குள் என்ன வீட்டு வேலை இருக்கிறது என்று தேடினேன். இனி என்னை ஒருத்தரும் பேய்க்காட்ட முடியாது என்று நம்பினேன்.

அப்படி இருக்கும்போதுதான் கீர்த்திகனின் முன்பள்ளியிலிருந்து குணலட்சுமி ரீச்சர் போன் எடுத்தா.

"சேர், மகன் வந்தால் ஒரே உங்கடை பரிசோதனைக் கதைதான். மற்றப் பிள்ளையளும் பார்க்கவேணும் எண்டு நிக்கினம். வாற சனிக்கிழமை ஒருக்கா வந்து செய்து காட்டுவீங்களோ?"

சேர்! காப்புறுதிக் கந்தோரில் இருபது வருசத்தில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் பிரசாந்தியை மேலும் கீழும் பார்த்தேன்.

"இதிலை உம்மடை கை ஏதும் இருக்கோ?"

"ஐயோ, என்னப்பா! ரீச்சரெல்லோ உங்களுக்குப் போன் எடுத்தவ?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். செய்யப் போவதும் என்னுடைய, எங்கள் இருவருடைய, செவ்வரத்தம்பூப் பரிசோதனை. அதில் மினுக்க ஒன்றும் இல்லை. தோய்க்க ஒன்றும் இல்லை. தள்ள ஒன்றும் இல்லை. நிம்மதியானேன்.

சனிக்கிழமை வெள்ளைச் சேட் போட்டேன். இளையதம்பி அண்ணை தன் வேலியில் இருந்து ஒரு பெட்டி செவ்வரத்தம்பூ ஆய்ந்து தந்தார். புறப்படும்போது பிரசாந்தி ஒரு பையைக் கையில் தந்தாள்.

"மாத்துடுப்பு. சின்னப் பிள்ளையள்தானே, எதையாவது மேலை ஊத்திப்போடுவினம்."

எவ்வளவு அக்கறை! ஒழுங்கை முடியும் மட்டும் இரண்டு தரம் திரும்பிக் கை காட்டினேன்.

முன்பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். நான் மேசை வேண்டாம் என்றுவிட்டு நிலத்தில் குந்தினேன். கீர்த்திகன் எனக்கு வலப்பக்கம் நின்று பூக் கசக்கினான், துளி விட்டான், மற்றவர்களுக்கு உத்தரவு போட்டான். சிவப்பு வந்தபோது ஆரவாரம். பச்சை வந்தபோது கூரை கிளம்பியது. ஏன் சேர் பச்சை வருது என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். இந்த முறை நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். பூவின் சாயம் புளிப்பைக் கண்டால் ஒரு நிறம் காட்டும், சவர்க்காரத்தைக் கண்டால் வேறொரு நிறம் காட்டும் என்றேன். "எங்களுக்கு வெக்கம் வந்தால் முகம் சிவக்கிற மாதிரி," என்று கீர்த்திகன் சேர்த்துச் சொன்னான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் குணலட்சுமி ரீச்சர் எழும்பினா.

"மெத்தச் சந்தோசம் சேர். அப்ப இனி இரண்டாவது பரிசோதனையைத் தொடங்குவமோ?"

"இரண்டாவதோ?"

"பாசி எப்பிடி வளருது எண்டது. பிள்ளையள், எல்லாரும் வரிசையா வாங்கோ."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனா. கிணற்றடியில் என் நெஞ்சுயரத்துக்கு ஒரு சீமெந்துத் தொட்டி. தண்ணீரை முழுக்க வடிய விட்டிருந்தார்கள். உள்ளே நாலு பக்கமும் பச்சைப் பசேலென்று பாசி. பிள்ளைகள் சுற்றிவர நின்றார்கள். "எங்கடை அப்பா உள்ளுக்கை இறங்குவார்!" என்று கீர்த்திகன் எல்லாருக்கும் சொன்னான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இறங்காமல் இருக்க முடியாது.

பையைத் திறந்தேன். பழைய காற்சட்டை. பழைய பெனியன். துவாய். அடியில் உரஞ்சுகிற பிரஷ் ஒன்று, புத்தம் புதிது.

"ரீச்சர்," என்றேன் மெதுவாக, "நீங்களாகத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஓம் சேர், நான்தான் போன் எடுத்தனான். போன கிழமை மிஸிஸ் சீருடை தர வந்தவ. உந்தத் தொட்டியை எட்டிப் பாத்திட்டு, 'ரீச்சர், இதுக்கு ஆள் தேடாதையுங்கோ, எங்கடை வீட்டிலை ஒரு விஞ்ஞானி நிக்கிறார்' எண்டு சொல்லி, உங்கடை நம்பரையும் எழுதித் தந்திட்டுப் போனவ."